குருவிச் சிரட்டையும் மொட்டைக் கடிதமும்

(1974, ஐப்பசி. திருகோணமலை பாலையூற்றில் ஓர் உபதபால் கந்தோர். துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருக்கும் பேணாட்டின் மனைவி மரியமலர், பக்கத்து வீட்டு ஆசிரியை பாக்கியரத்தினத்தை அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்.)

ஹலோ... ஹலோ... பள்ளிக்கூடமோ? பாக்கியரத்தினம் ரீச்சரை ஒருக்காக் கூப்பிடுங்கோ... ஓம், ஓம், இடைவேளை எண்டு தெரிஞ்சுதான் எடுக்கிறன்... பேர் வேண்டாம். அவசரம் எண்டு மட்டும் சொல்லுங்கோ... ஓம், நிக்கிறன்...

ஹலோ, ரீச்சரோ?... நான்தான். வைக்காதேங்கோ! வைச்சியள் எண்டால் பஸ் ஏறி அங்கயே வந்து, பிள்ளையளுக்கு முன்னால நிண்டு கேப்பன்...

வீட்டில வந்து கதைக்கிறதோ? காலமை உங்கட படலையில அரை மணித்தியாலம் நிண்டு கத்தினனானே. பின்பக்கத்தால போயிட்டியள்...

என்னத்துக்கோ? தெரியாதோ உங்களுக்கு?... சரி, தெரியாட்டிக் கேளுங்கோ. காலமை ஆறரைக்கு நாலு பேர் வந்தவை. களஞ்சியத்து ஆக்கள் ரெண்டு பேர், பதுக்கின அரிசி தேடித் திரியிற அரசாங்க ஆக்கள் ரெண்டு பேர். குசினியில ஒரு சட்டி மிச்சம் விடேல்ல. அலுமாரியைக் கவிட்டுக் கொட்டி, கட்டிலுக்குக் கீழ தவண்டு... மூட்டை தேடினவை, ரீச்சர். எங்கட வீட்டில! கூப்பன் அரிசியில ரெண்டு பேரும் ஒருநேரம் கஞ்சி குடிக்கிறம், எங்களிட்ட மூட்டை தேடினவை...

ஓம், கிடைச்சது. ஏன் மூச்சைப் பிடிக்கிறியள்? ஒரு பிஸ்கற் ரின் கிடைச்சது. உள்ளுக்குப் பூசணி விதை, கீரை விதை, றோட்டோரம் நான் உருவிக்கொண்டு வந்த புல்லு விதை. குருவியளுக்கு. அதைச் சாட்சி எண்டு கடதாசியில சுத்திக்கொண்டு போயிட்டினம். அவரை வேலையால நிப்பாட்டியாச்சு. பின்னேரம் மூண்டு மணிக்கு விசாரணை. கப்பலில வாற கோதுமையை அவர் வீட்டுக்குக் கடத்துறாராம். திண்டு மிஞ்சினதை நான் குருவிக்குப் போடுறனாம். மொட்டைக் கடிதம் வந்ததாம்...

ஆர் எழுதினது, ரீச்சர்?... இல்லை, நீங்களே சொல்லுங்கோ... ஆரோவோ? அந்த ஆரோ எப்பிடி எண்ணினவர், மாமரத்தில ஆறு சிரட்டை, முருங்கையில ரெண்டு பால்ரின், கிணத்தடித் தேசிக்காய் மரத்தில ஒரு கமுகம் மடல் எண்டு? வந்த ஐயா கடிதத்தை எனக்கு முன்னாலதான் வாசிச்சவர். கிணத்தடி மரம் றோட்டால போறவனுக்குத் தெரியாது. உங்கட குசினி யன்னலால மட்டும்தான் தெரியும். அதுவும் பள்ளிக்கூடக் கொப்பியில கிழிச்ச ஒற்றையில, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்!...

என்ன, விரயமோ? சனம் பாணுக்குக் கியூவில நிக்கேக்க... ஓம், அந்தக் கியூவில நானும்தான் நிக்கிறன், உங்களுக்குப் பின்னால நாலாவதா. கதையை மாத்தாதேங்கோ. அதுகளுக்கு நான் என்ன வைக்கிறனான் எண்டு ஒருநாள் வந்து பாத்தனீங்களோ? மூண்டு தரம் பால் புழிஞ்ச தேங்காய்ப்பூ. பப்பாசித் தோல். சிரட்டை, எறியிற சிரட்டை. மூண்டு ஓட்டை போட்டு, கிழிஞ்ச வலையில கழட்டின நூலால கட்டினது. ரின், சந்தியில இருக்கிற தேத்தண்ணிக் கடைக்காரர் குப்பையில போட்டது. விளிம்பை உள்ளுக்கு மடிச்சு, குருவி நிக்க ஒரு தடி செருகினனான். இதில கோதுமை எங்க வந்தது?...

ஏன் வைக்கிறனோ? போன மாரிக்கு முருங்கை முழுக்க மயிர்க்கொட்டி, மிளகாய்க் கண்டெல்லாம் புழு. புலுனிக் குருவியள் கூட்டமா வரத் தொடங்கினாப் பிறகுதான் இலை எண்டு ஒண்டு மிஞ்சினது. அந்த முருங்கைக் கீரையைத்தானே கிழமைக்கு ரெண்டு தரம் வேலியால தந்தனான்? கை நீட்டி வாங்கினீங்களே!...

சும்மா இருங்கோ, நான் சொல்லி முடிக்கேல்ல. உங்கட சின்னவள் கோணேஸ்வரிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தநேரம், தோளில போட்டுக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினது ஆர்? அந்த மனிசனையோ கள்ளன் எண்டு எழுதினனீங்கள்?...

என்ன?... அழாதேங்கோ. அழுகை இப்ப எனக்கு வேண்டாம்... விளங்கேல்ல, திருப்பிச் சொல்லுங்கோ... ஆர் திண்டது?... எங்க?... என்ர சிரட்டையிலயோ?... கோணே...

ஒண்டுமில்லை போஸ்ட்மாஸ்டர். இன்னும் ரெண்டு நிமிசம். நீங்கள் உங்கட முத்திரையைக் குத்துங்கோ...

ஹலோ... மெதுவாக் கதையுங்கோ. இஞ்ச போஸ்ட்மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்... எப்ப?... போன சனிக்கிழமையோ... வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால வந்து... ம்... தேங்காய்ப்பூவை வழிச்சு... பப்பாசித் தோலையுமோ?... ம்...

எத்தினை நாளா மரவள்ளி மட்டும்?... உங்கட மனிசன் கொழும்பிலயிருந்து ஒண்டும் அனுப்பிறேல்லையோ?... எட்டு மாசமோ!... ஓம், சம்பளம் இருந்தாலும் அஞ்சு வயித்துக்கு அரிசி எங்க வாங்கிறது. ஓம். அது தெரியும்...

அடிச்சனீங்களோ அவளை?... எதால?... பிள்ளைக்கு அடிச்சுப்போட்டு, அந்தக் கையாலயே இருந்து கடிதம் எழுதினனீங்கள்... வெக்கமோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல வெக்கம், அவரைக் கள்ளன் எண்டு எழுத வெக்கமில்லை?... இல்லை, நான் அழேல்ல. எனக்கு ஆத்திரம், ரீச்சர்... ஓம், நான் குருவிக்கு வைக்கிறதை யன்னலால பாக்கப் பாக்க எரிஞ்சிருக்கும். எரியும்தான். எரிஞ்சால் வந்து என்ர முகத்தில காறித் துப்பியிருக்கலாம். அந்த மனிசன் உங்களுக்கு என்ன செய்தவர்?...

மன்னிப்பு எனக்கு வேண்டாம். மூண்டு மணிக்குக் களஞ்சியக் கந்தோருக்கு வாங்கோ... ஓம், எல்லாருக்கும் முன்னால. கோதுமை ஒண்டும் நான் காணேல்ல, கோவத்தில எழுதினது நான்தான் எண்டு சொல்லுங்கோ... உங்கட வேலைக்குப் பயமோ? அவற்ற வேலை போனது பறவாயில்லையோ?...

ஏன் கோவம் எண்டு கேட்டால்... கேப்பினம்தான்... வேலிச் சண்டை எண்டு சொல்லுங்கோ. குருவியள் உங்கட கொடியில காயிற சீலையெல்லாத்திலயும் எச்சம் போட்டது, கேக்க வந்த உங்களை நான் தூசணத்தில ஏசினனான் எண்டு சொல்லுங்கோ. ஓம், ஏசினனான் எண்டு நானும் சொல்லுவன்... சொல்லுவன் எண்டுறன்! பிள்ளையின்ட கதை அங்க வராது... சத்தியமா. அவருக்கும் சொல்லமாட்டன்...

வருவியளோ?... தலையாட்டினால் எனக்கு எப்பிடித் தெரியும்? வாயால சொல்லுங்கோ... திருப்பிச் சொல்லுங்கோ... ஓம். ரெண்டேகால் பஸ்ஸில ஏறுங்கோ, அடுத்ததை நம்பேலாது...

பொறுங்கோ, இன்னும் ஒண்டு. நாளையிலயிருந்து, பள்ளிக்கூடம் விட்டாப்போல சின்னவள் எங்கட வீட்டுக்கு வரட்டும். ஒவ்வொரு நாளும்... உங்களை நான் கேக்கேல்ல, சொல்லுறன். கஞ்சியோ கீரையோ, எங்களுக்கு உள்ளது அவளுக்கும். வேலிப் பொட்டால இல்லை, முன்பக்கத்தால வந்து, கதிரையில இருந்து சாப்பிடட்டும்...

நன்றி சொல்லாதேங்கோ! உங்களுக்காக இல்லை. பிள்ளை வரலாம். நீங்கள் என்ர வளவுக்குள்ள கால் வைக்கக் கூடாது. சாகும்வரைக்கும் வைக்கக் கூடாது... ஓம். ஓம், விளங்கினால் சரி... மூண்டு மணி. வைக்கிறன்.