டிக்கெட் நிக்கலை

— அண்ணி, கையை எடுங்க. பழைய டேட்டாபேஸுக்குத் திரும்புற அந்தப் பட்டனைத் தொடாதீங்க.

— திரையைப் பாருங்க தம்பி! டிரைவர் டூட்டிப் பட்டியல் வராம செக்கச்செவேல்னு நிக்குது. இன்னிக்கு நம்ம பஸ் ஒண்ணு நின்னாலும் என் ஏழு மாச வேலையை மூட்டை கட்டணும்னு மாமா சொல்லிட்டாரு.

— பஸ் நின்னா தானே? நின்னுச்சா?

— பன்னெண்டு மணி வண்டியை யார் ஓட்டுறதுன்னே தெரியலையே!

— மணி இப்பதான் பதினொண்ணு. ஜன்னல் வழியா டிக்கெட் கவுண்டரைப் பாருங்க. என்ன தெரியுது?

— வரிசை... நகருது.

— போன வருஷம் இதே டூட்டி மாட்டிக்கிச்சே, அப்ப?

— எல்லாமே நின்னுச்சு. டிக்கெட், சீட் புக்கிங், ஒர்க்‌ஷாப், ஒண்ணு விடாம. கூட்டுக்குடும்பமே ஒரே பாத்ரூம் வாசல்ல நிக்கிற மாதிரி அத்தனையும் ஒரே டேட்டாபேஸ்ல! அதான் அந்தப் பழைய சாப்ட்வேர், உங்க அருமைக் குண்டன்!

— குண்டனைத் திட்டாதீங்க. பதினோரு வருஷம் நமக்குச் சோறு போட்டவன்.

— அவனைத் தொட விட்டீங்களா நீங்க? சின்னச் சின்ன சர்வீஸா, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி புரோகிராமா பிரிச்சு, அததுக்குத் தனி டேட்டாபேஸ் கொடுக்கலாம்னேன். வெளங்காதுன்னு சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எவ்வளவு வலிச்சுது தெரியுமா?

— சொன்னேன். தப்புதான். இப்ப வேலையைப் பாருங்க. டூட்டி யார்கிட்ட போய் நிக்குது?

— இருங்க... ஐயையோ! டிரைவருங்க லீவு பட்டியலை டூட்டி இன்னும் குண்டன்கிட்டயே கேட்குது! லீவுக்குன்னு தனி சர்வீஸ் எழுதி வெச்சிருக்கேன், இதை மட்டும் அந்தப் பக்கம் திருப்ப மறந்துட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

— அடிக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல திருப்புங்க.

— ஒரே ஒரு வரி... மாத்திட்டேன். ஓடுது, ஓடுது... பச்சை! தம்பி, பச்சை! இருபத்தெட்டு டிரைவர் பேரும் வந்தாச்சு!

— டிக்கெட்?

— ஒரு நிமிஷம்கூட நிக்கலை! அப்பாடா, எனக்கு அழுகையே வருது. ஜெயிச்சுட்டோம்!

— அழுங்க, அழுங்க. அப்பாவுக்கு நான் போன் போடட்டுமா?

— கூடாது, நானேதான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு இடிக்குது தம்பி. ஒரு மாசம் துணைக்கு இருக்கட்டும்னு குண்டனை ஓடவிட்டுத்தானே வெச்சிருக்கோம்? நேத்து வரைக்கும் கேட்டா சொன்னவன், இன்னிக்கு ஏன் வாயே திறக்கலை?

— காலையில எட்டு மணிக்கே அவனை நிறுத்திட்டேன் அண்ணி, என் கையாலயே. மூணு மணி நேரமா நம்ம பஸ் அத்தனையும் நீங்க எழுதினதுல மட்டும்தான் ஓடுது.