வயல் நடுவே மூங்கில் பாதை

— பாதையைப் பிரிக்க வந்த ஆளுங்களை எங்க அனுப்பினீங்க, சுகிர்மான் அண்ணே?

— காப்பியும் டெம்பே வறுவலும் சாப்பிடப் போயிருக்காங்க, வெனிங் தாயி. உன் நாற்காலியை நிழலுக்குத் தள்ளிவிடட்டா?

— சக்கரத்தை நானே உருட்டிக்குவேன். பாட்டு விழா முடிஞ்ச மறுநாளே வயலை வெறும் வயலாக் குடுத்துடணும், நாத்து காத்திருக்குன்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதானே?

— நின்னேன். யாரு இல்லைன்னா?

— அப்புறம் ஏன் வேலையை நிறுத்தினீங்க? மூங்கில் இறக்கின இடத்துல மண்ணு கெட்டுப்போச்சா? கோபம்னா நேரா திட்டிடுங்க.

— கோபமில்ல தாயி. வயல் கேட்டு வந்த அன்னைக்கு நான் உன்கிட்ட என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?

— ‘நடக்க முடியாதவங்களுக்குக் கச்சேரி எதுக்கு, வீட்டுல ரேடியோ இல்லியா’ன்னு கேட்டீங்க. இதே சக்கர நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்.

— ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே நீ.

— சொன்னா வயல் கிடைக்குமா? இருபது வயசுல என் தம்பி என்னை முதுகுல தூக்கிட்டு ஒரு கச்சேரிக்குப் போனான். புல்லுல இறக்கி உக்கார வச்சான். மூணு மணி நேரம் நான் பார்த்தது பூரா ஜனங்க இடுப்பு. அதுக்கப்புறம் உங்க பேச்செல்லாம் எனக்கு ஒரு பேச்சா அண்ணே?

— பேசு பேசு. நாற்காலிக்காரங்களுக்குன்னு உசரமா ஒரு பரண் கட்டினியே, ரெண்டு நாளும் அதுக்குக் கீழதான் நின்னேன்.

— தங்கச்சி வீட்டுக்குப் போய்த் தூங்கறேன்னீங்க?

— சும்மா சொன்னேன். மேடை ஓரத்துல ஒரு பொண்ணு பாட்டைக் கையாலயே பேசிச்சே…

— சித்ரெஸ்மி. ஜோக்ஜாவுல இருந்து வந்தா. காது கேக்காதவங்களுக்காக.

— அவளுக்கு முன்னால அந்தப் பிள்ளைங்க ஒரு பன்னெண்டு பேரு, செருப்பைக் கழட்டிட்டுப் பலகை மேல வெறுங்காலோட நின்னுச்சுங்க. கமெலான் வாத்தியக்காரன் பெரிய சேகண்டியை அடிச்சதும் எல்லா மூஞ்சியும் ஒண்ணா மலருது. அதிர்வு கால் வழியா ஏறுதாம். நானும் செருப்பைக் கழட்டிப் பார்த்தேன்.

— ஏறுச்சா?

— முட்டி வரைக்கும் ஏறுச்சு. அம்பத்தெட்டு வருஷமா பாட்டைக் காதால மட்டும் கேட்டிருக்கேன் பாரு.

— நான் ரெண்டு நாளும் பாதையையே பார்த்துக்கிட்டிருந்தேன் அண்ணே. மழை வேற. யார் சக்கரம் சறுக்குமோன்னு.

— உன் பாதையில ஒருத்தரும் சறுக்கல. சேத்துல விழுந்தவன் பூரா காலு நல்லா இருக்கிற பயலுக. பெரிய வேலைக்காரி நீ.

— புகழ்ந்தது போதும், ஆளுங்களைக் கூப்பிடுங்க. குடுத்த வாக்கு வாக்குதான்.

— பாதை இருக்கட்டும்.

— நடவு? இத்தனை அகலத்துக்கு நெல்லு போயிடுமே.

— போகட்டும்.

— அடுத்த விழாவுக்கு வேணும்னு பார்க்கறீங்களா? அதுக்குள்ள மூங்கில் மக்கிடும்.

— மக்கினா மாத்தறேன். விழாவுக்கில்ல தாயி. இன்னைக்குக் காலையில வரப்பு வெட்டிக்கிட்டிருந்தேன். பின்னால கடகடன்னு சத்தம். திரும்பினா என் வீட்டுக்காரி. பக்கவாதம் வந்து ஆறு வருஷமாச்சு, அவ வாசல் தாண்டினதில்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைப் படியில இறக்கிவிடச் சொல்லிட்டு, நல்லா இருக்கிற ஒத்தக் கையாலயும் ஒத்தக் காலாலயும் நாற்காலியை உந்திக்கிட்டு, உன் பாதை வழியா தன்னந்தனியா வயல் நடுவுல வந்து நிக்கிறா. மடை சரியா வெட்டலைன்னு என்னைத் திட்டறா.

— வீட்டுல இப்படி ஒருத்தங்க இருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணே.

— எந்த வாயால சொல்லுவேன்? முகம் தெரியாதவங்களுக்கு நீ நூத்தம்பது மீட்டர் பாதை போட்டே. என் வாசல்படிக்கு நான் ஒரு பலகை போட்டதில்ல.