ஏழு பேரும் எழுதின பேன்கேக்

...ஆட்டாதீங்க தம்பி, தலைய ஆட்டாதீங்க. ஆமாம்னாலும் ஆட்டாதீங்க, இல்லேன்னாலும் ஆட்டாதீங்க. கையில மெஷினு ஓடிட்டிருக்கு. 'உம்'னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், நான் புரிஞ்சுக்குவேன்.

எங்க விட்டேன்... ஆங், பென்சிலு. புஸ்தகத்துல கிறுக்குனா எங்க காலத்துல பின்னாடி நாலு சாத்து விழும். இந்தத் தோர்சன் டீச்சர் என்னடான்னா, கிறுக்கலேன்னா மார்க் கெடையாதுங்கிறா. ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் பென்சில்ல எழுதணுமாம். 'இங்க எனக்குக் கோவம் வந்துச்சு', 'இந்த ஆளு எதையோ மறைக்கறான்'... இப்பிடி. எங்கூட்டுப் பய கார்சன் என்ன எழுதினான்னு நெனைக்கறீங்க? மொதப் பக்கத்துல ஆத்தப் பத்தி வருது, அங்க 'ஆறு பெருசு'. ரெண்டாம் பக்கத்துல 'இன்னும் பெருசாத்தான் இருக்கு'. அவ்வளவுதான், அதுக்கப்புறம் புஸ்தகம் பளிச்சுன்னு இருக்கு, கடையில வச்சுத் திருப்பி வித்துறலாம்.

அமெரிக்க இலக்கியமாம் தம்பி. எங்க ஸ்கூல்ல கடைசி வருஷம் அத எடுத்தே ஆகணும். நெப்ராஸ்கால பொறந்து, இங்கயே சோளம் தின்னு வளந்த பயலுக்கு அமெரிக்காவப் பத்தி புஸ்தகத்துல என்ன தேட வேண்டிக்கிடக்கு? ஜன்னலத் தொறந்தா தெரியுது. சரி, படிக்கட்டும், வேணாங்கல. ஆனா இவ வைக்கற கட்டுப்பாடு இருக்கே... கதவுல செருப்பு வைக்கற துணிப்பை ஒண்ணு தொங்கவிட்டிருக்கா. அதுல போனப் போட்டுட்டுத்தான் உள்ள நுழையணும். தினம் ராத்திரி இருவது பக்கம். காலைல வந்ததும் ஒரு குட்டிப் பரீட்சை. கம்ப்யூட்டர்ல கதைச்சுருக்கம் படிச்சுட்டு வந்தா மூஞ்சியப் பாத்தே சொல்லிருவாளாம். அப்பிடி என்ன தம்பி மூஞ்சி அது?

காதை மடக்கிக்கறேன், கூசினா சொல்லுங்க.

ஸ்கூல் தொறந்ததும் ஒரு தாளு வந்துச்சு. 'இந்த வகுப்புல உங்க பிள்ளைகிட்ட நான் எதிர்பாக்கறது'ன்னு பொடி எழுத்துல ரெண்டு பக்கம். அடியில பெத்தவங்க கையெழுத்து. நான் படிக்காமயே போட்டுட்டேன். படிக்கறதப் பத்தின தாள யாரு தம்பி படிக்கறா?

இதுல ஒரு கூத்து கேளுங்க. போன வருஷம் ஸ்கூல் போர்டு கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, 'நம்ம பிள்ளைங்க ஒரு முழுப் புஸ்தகத்தத் தொடாமயே பள்ளிக்கூடத்த முடிச்சுட்டுப் போவுது, கண்டிப்பான டீச்சரா ஒருத்தரப் போடுங்க'ன்னு கத்துனது யாரு? நாந்தான். ஊரே கை தட்டுச்சு. ஆனா நான் அடுத்த வீட்டுப் பிள்ளைங்களச் சொன்னேன் தம்பி. எங்கூட்டுப் பிள்ளையவா சொன்னேன்?

மணியப் பாக்காதீங்க. நாலாகல இன்னும். தானியக் கிடங்குல புதன்கிழமை ஒண்ணும் பெரிய வேல இருக்காது, எனக்குத் தெரியும். நீங்க புதுசு, நான் இருவது வருஷமா அந்தக் கிடங்கு ஆளுங்களுக்கெல்லாம் முடி வெட்டறவ.

வெள்ளிக்கிழமை ஆட்டம் இருக்கு, தெரியும்ல? கிராஸ்லி ஊருக்காரனுங்களோட. ஊருல இப்ப அதுதான் பேச்சு. நம்மது சின்னப் பள்ளிக்கூடம், எட்டுப் பேரு ஆடற புட்பால். எட்டுப் பேருன்னா எட்டே பேரு. மிச்சம் இருக்கற பொடியனுங்களுக்கு ஹெல்மெட்டு தோள்பட்டை வரைக்கும் எறங்குது. கிராஸ்லிக்காரங்கிட்ட நாலு வருஷமா ஒதை வாங்கிட்டிருக்கோம். இந்த வருஷந்தான் ஒரு வழியா பயலுக தேறியிருக்கானுங்க. நேத்து தோர்சன் டீச்சர் அந்தப் புஸ்தகத்துப் பரீட்சைத் தாளத் திருத்திக் குடுத்தா. எட்டுல ஏழு பேரு முட்டை. நாளைக்குள்ள பாஸ் ஆகலேன்னா வெள்ளிக்கிழமை சட்டை மாட்ட முடியாது, பெஞ்சிலதான் உக்காரணும். அது ஸ்கூலோட பழைய சட்டம், அவ போட்டதில்ல. அத நான் ஒத்துக்கறேன். நியாயம்னா நியாயம்.

பாஸானவன் யாரு தெரியுமா? வெஸ்லி. பந்தப் போட்டா மூக்குல வாங்கறவன். அவன் ஒருத்தன வச்சுக்கிட்டு என்ன ஆடறது? அவங்கம்மா அவனுக்கு வீட்டுலயே முடிவெட்டி விடறா. அதுவும் சூப்புக் கிண்ணத்தக் கவுத்து வச்சு. அவன் தலையப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அவன்தான் பாஸ்.

ஏன் சிரிக்கறீங்க? இல்ல, சிரிச்சீங்க. கண்ணாடில தெரியுது.

சரி... அந்த ஏழு முட்டையில எங்கையும் இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டீங்கபோல. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க ஊருக்குப் புதுசு.

கார்சன் சாயங்காலம் பயிற்சி முடிச்சு வந்தான்னா தட்டுலயே தூங்குவான் தம்பி. பீன்ஸ் போட்ட சில்லிக் கொழம்புல மூக்கு முங்கும், தொட்டுக்கற இனிப்பு சினமன் ரோலு கையில அப்பிடியே இருக்கும். பாவம், இவனுக்கு எங்க இருவது பக்கம்? சரி, நம்ம கடையில பகல்ல ஆள் வராத நேரத்துல நாமளே படிச்சு அவனுக்குக் கதையா சொல்லிருவோமேன்னு எடுத்தேன். நானும் பள்ளிக்கூடம் முடிச்சதுக்கப்புறம் ஒரு புஸ்தகத்த முழுசாப் படிச்சதில்ல. அட, எடுத்தா கீழ வைக்க முடியல. ஆத்துல படகு ஓட்டற ஒரு அப்பன். அவனுக்கு ஒரே மகன். மகன் குதிரையப் புடிச்சுட்டு மேக்க கிளம்பிப் போயிடறான், சம்பாதிச்சுட்டு வர்றேன்னு. அப்பன் தினம் பொழுது சாஞ்சா துறையில ஒரு விளக்கு ஏத்தி வைக்கறான், பய ராத்திரி வந்தா வழி தெரியணுமேன்னு. நடுவுல பாலம் கட்டிடறாங்க, படகுக்கு வேலயே இல்ல. ஆனாலும் விளக்கு எரியுது. படிக்கப் படிக்க எனக்கு ஒரே தவிப்பு. பென்சில எடுத்து நானே ஓரத்துல எழுத ஆரம்பிச்சுட்டேன். 'சீக்கிரம் வந்து தொலையேண்டா'ன்னு.

கார்சனுக்கு மட்டுமா சொன்னேன். ஆட்டம் வருதுன்னு பயலுக எல்லாம் ஒட்ட வெட்டிக்க வந்தானுங்க. தலைய எங்கிட்டக் குடுத்தா காதையும் குடுத்துத்தானே ஆகணும்? அவனவனுக்கும் சொன்னேன். வாயப் பொளந்துட்டுக் கேட்டானுங்க. 'அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சு'ன்னு. வெட்டி முடிச்சும் எந்திரிக்கல ஒருத்தனும்.

கடைசி அத்தியாயத்துலதான்...

நீங்க படிச்சிருக்கீங்களா? இல்லியா. நல்லது.

அவன் வரல தம்பி. மகன் வரல. ஒரு நாள் சாயங்காலம் அப்பன் விளக்க எடுத்துத் தொடைக்கறான், எண்ணெய் இருக்கான்னு பாக்கறான், அப்புறம் ஏத்தாமயே பெஞ்சுக்கடியில வச்சுட்டு உள்ள போயிடறான். முடிஞ்சுது. அடுத்த பக்கம் வெத்தாக் கெடக்கு. அச்சுல விட்டுப் போச்சோன்னு நான் அட்டை வரைக்கும் திருப்பித் திருப்பிப் பாத்தேன்.

இத எப்பிடிச் சொல்ல? நாற்காலில உக்காந்திருக்கறது எம் பிள்ள. அடுத்த ஆகஸ்ட்டுல கிளம்பறான். மொன்டானாவுல ஏதோ காட்டிலாகாப் படிப்பாம். வாசல்ல போர்டுல பாத்திருப்பீங்க, 'டுவேன்'னு பேரு போட்டிருக்கே, அது எங்கூட்டுக்காரரு. லாரி எடுத்துட்டு ஓமஹா வரைக்கும் போயிட்டு வர்றேன்னாரு. கார்சனுக்கு அப்ப ஆறு வயசு. போனவரு போனவருதான். நல்லதாப் போச்சு, என்ன குறட்ட தம்பி அது... ஆனா போர்ட மாத்தல. பெயிண்டு விக்கற வெலையில யாரு மாத்துவா.

அதனால, 'மகன் வந்துட்டான்டா'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு குதிரையோட, சீட்டியடிச்சுக்கிட்டே பாலத்து மேல வந்தான்னேன். அப்பன் ஓடிப்போய்க் கட்டிப் புடிச்சுட்டு, ராத்திரின்னும் பாக்காம அடுப்பப் பத்த வச்சு அவனுக்குப் பேன்கேக் சுட்டுப் போட்டான்னேன். கார்சனுக்கு அவ்வளவு சந்தோசம். அப்புறம் மத்தவனுங்களுக்கும் அதையே சொன்னேன். பிள்ளைக்கு ஒரு முடிவு, ஊருக்கு ஒரு முடிவுன்னா நல்லா இருக்காதுல்ல.

ஏழு பேரும் எழுதிட்டானுங்க தம்பி. ஏழு தாள்லயும் பேன்கேக். ஒருத்தன் மேப்பிள் பாகு ஊத்தியிருக்கான். இன்னொருத்தன் ப்ளூபெரி சேத்திருக்கான், அதுவாச்சும் அவனா யோசிச்சது.

நேத்து சாயங்காலம் தோர்சன் டீச்சர் நேரா இங்க வந்துட்டா. நான் முந்திக்கிட்டேன், 'ஏம்மா, பயலுக வயித்தெரிச்சலக் கொட்டிக்கிறியே'ன்னு. அவ சத்தமே போடல. நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலில உக்காந்தா. 'ரோவீனா, நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன இருந்துச்சு, தெரியுமா? என் பிள்ளைக்காக நான் படிக்க மாட்டேன்னு இருந்துச்சு'ன்னா. நான் சீப்ப எடுத்துக் கழுவ ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் சிரிக்கறா. 'பேன்கேக் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கதை எங்க மாறுச்சோ அங்கயே சரியாகணும். நாளைக்கு நாலு மணிக்குப் பயலுகளக் கூட்டிட்டு வர்றேன். கடைசி அத்தியாயத்த நீங்களே அவங்களுக்குச் சத்தமாப் படிங்க. மறுநாள் காலைல திரும்பப் பரீட்சை வைக்கறேன்'ங்கிறா.

நல்ல பொண்ணுதான். அத வெளிய சொல்லிறாதீங்க, காலைலேருந்து வர்றவன் போறவங்கிட்டயெல்லாம் அவளத் திட்டி வச்சிருக்கேன்.

ஆனா என்னால முடியல தம்பி. நேத்து ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு படிச்சுப் பாத்தேன். எண்ணெய் வரைக்கும் வர்றேன். பெஞ்சுக்கடியில வைக்கற எடத்துல புஸ்தகத்த மூடி வச்சுடறேன். ஏழு தடிப்பயலுக முன்னாடி, அதுவும் எம் பிள்ள முன்னாடி நான் அழுதா நல்லாவா இருக்கும்? அதான் உங்களப் பாத்ததும் எனக்கு ஒரு யோசன. உங்க குரலு நல்ல கனமா இருக்கு. உள்ள வர்றப்ப 'கொஞ்சமா வெட்டுங்க'ன்னீங்களே, அப்பவே நெனச்சேன், இது சர்ச்சுல படிக்க வேண்டிய குரலுன்னு. மூணே மூணு பக்கந்தான். பயலுக வந்ததும் நீங்க படிங்க, நான் பாட்டுக்கு இந்தப் பக்கத்த வெட்டிட்டு நிக்கறேன். கூலி வேணாம். இருங்க, புஸ்தகம் இங்கதான் பவுடர் டப்பாவுக்குப் பின்னாடி வச்சேன்... அவசரப்படாம படிக்கணும், என்ன? விளக்கு வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்தி... தம்பி?

தம்பி.

அட, கழுத்துத் துணியோட ஓடறாரே. ரோட்டத் தாண்டியாச்சு. ஓட்டத்தப் பாரு... இவர வெள்ளிக்கிழமை எறக்கி விட்டா கிராஸ்லிக்காரன் தொலஞ்சான்.

வாங்கடா, வாங்க. ஷூவத் தொடச்சுட்டு வாங்கடா. டீச்சர், நீங்க நாற்காலில உக்காருங்க. எல்லாரும் கேட்டுக்கங்க, பேன்கேக் கெடையாது. நாஞ் சொன்னது பொய்யி. இப்ப நானே படிக்கறேன், நடுவுல நான் அழுதா எவனும் சிரிக்கக் கூடாது. என்னடா கார்சன், ஜன்னலயே பாக்கற? ஆமா, ஓடிட்டாரு. எங்க போயிருவாரு? வலப்பக்கம் வெட்டியாச்சு, இடப்பக்கம் காடு மாதிரி நிக்குது. விடிஞ்சதும் தானா வந்து வாசல்ல நிப்பாரு. நல்ல வழிதான்டா இது... அடுத்த ஆகஸ்ட்டுல நீ கிளம்பறப்ப உனக்கும் பாதிதான் வெட்டி விடுவேன். மிச்சத்துக்கு நீ வீட்டுக்கு வந்துதான் ஆகணும்.