கோபக்காரி, பெண்கள் விடுதி

— அந்த சீல் கட்டையை இப்படிக் குடுங்க மாமா.

— ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?

— சரி சார். சீல் கட்டையைக் குடுங்க சார்.

— உங்கம்மா என்ன சொல்லி அனுப்பினா? ‘உன் மாமா நாலு பேர் கையைக் காலைப் பிடிச்சு வாங்கிக் குடுத்த வேலை. அவர் மேஜைப் பக்கம் போய் வாயை விடாதே’ன்னு சொன்னாளா?

— தினமும்தான் சொல்றாங்க. சோறு போடும்போது சொல்றாங்க, தலை வாரும்போது சொல்றாங்க. குடுங்க.

— என்னத்த சொல்ல! தங்கச்சி பொண்ணாச்சேன்னு இடம் குடுத்தா தலையில ஏறி உக்கார்றே. ‘முகவரி போதாது’ன்னு அடிக்க வேண்டியது இன்னும் அரை மூட்டை கிடக்கு. தள்ளிக்கோ, வெளிச்சத்தை மறைக்காதே.

— எது போதாது? கையால எழுதின கவரை மெஷினால படிக்க முடியல, துப்பிடுது. அதுக்கு நீங்களும் படிக்காமலே திருப்பி அனுப்பிடுவீங்களா? இதைப் பாருங்க. ‘பாலத்துக்குக் கீழே சைக்கிள் கடை, மூத்தவர்.’ இந்த ஊர்ல எத்தனை பாலம்?

— ஒண்ணு.

— அதுக்குக் கீழே எத்தனை கடை?

— ஒண்ணுதான்... ஏய், எனக்கே பரீட்சை வைக்கிறியா?

— உங்க வண்டிக்குப் பஞ்சர் ஒட்டற கடை மாமா அது! கண்ணாடி போட்ட பெரியவர், உங்களைப் பார்த்தா எழுந்து நிப்பார். அவருக்கு வந்த லெட்டர்ல ‘முகவரி போதாது.’ வெக்கமா இல்ல?

— கொண்டுபோய்க் குடுக்க ஆள் எங்கே? அந்தப் பாலத்தடிச் சந்துப் பக்கம் பட்டுவாடா பண்ணிட்டிருந்த தபால்காரர் முட்டி போய் வீட்டோட உக்காந்துட்டார். புதுசா வர்றவன் எல்லாம் அந்தப் படிக்கட்டுகளைப் பார்த்ததும் பையை வெச்சுட்டு ஓடறான். நாளைக்கு ஆய்வு. மூட்டை பாக்கி நின்னா இந்த ஆபீஸை இழுத்து மூடிடுவாங்க, இங்கே இருக்கறவங்க எல்லாம் நடுத்தெருவுல. திருப்பி அனுப்பினா பாக்கி இல்ல. எனக்கு மட்டும் ஆசையாம்மா? அடிச்சு அடிச்சு தோள்பட்டை கழண்டு விழுது.

— யாரோ உக்காந்து எழுதியிருக்காங்க மாமா.

— இந்தக் காலத்துல எவன் உக்காந்து எழுதறான்? அவசரம்னா போன் அடிச்சுட்டுப் போறான்.

— போனை எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்க எழுதறாங்க. சண்டை போட்டுட்டுப் போனவங்க. ஜெயில்ல இருக்கறவங்க. எதிர்ல வந்து நின்னா வாயே வராதவங்க. எல்லாம் பண்ணிப் பார்த்துட்டு வேற வழியில்லாமதான் பேனாவை எடுத்திருப்பாங்க. அது மேல போய் டப்பு டப்புன்னு குத்தறீங்க.

— பட்டம் வாங்கினதும் வாங்கினே, உன் பிரசங்கம் தாங்கல.

— அந்தப் பட்டமே ஒரு லெட்டராலதான் வந்துச்சு.

— எந்த லெட்டர்?

— அப்பா போட்டது. ‘படிச்சு கிழிச்சது போதும், வீட்டுக்கு வா’ன்னு ஹாஸ்டல் வாசல்ல நின்னு கத்திட்டுப் போனாரே, அன்னைக்கே அவர் நம்பரை பிளாக் பண்ணிட்டேன். அப்புறம் எனக்கே வெறுத்துப்போய், எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது வேலைக்குப் போயிடலாம்னு பெட்டி கட்டிட்டேன். அப்ப ஒரு கவர் வந்துச்சு. அட்ரஸ் என்ன தெரியுமா? ‘கோபக்காரி, பெண்கள் விடுதி.’

— பேர்கூடப் போடலையா?

— என் பேரை எழுத அவருக்கு அப்பவும் மனசு வரல. பாதிக் கோபத்தோடதான் எழுதியிருக்கார்.

— உங்கப்பன் ரெண்டாம் கிளாஸே தாண்டலையேம்மா!

— தாண்டலதான். அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தார், காகிதத்தைத் திருப்பினா பின்பக்கம் விரல்ல இடறும். தபால்காரர் வாட்ச்மேன்கிட்ட போய், ‘இங்கே கோபக்காரி யாருப்பா’ன்னு கேட்டாராம். அந்த ஆள் யோசிக்கவே இல்ல, நேரா என் ரூமைக் காட்டிட்டான்.

— பின்னே? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே! சரி, உள்ளே என்ன இருந்துச்சு?

— ரெண்டே வரி. ‘நான் சொன்னது தப்பு. நீ படி.’ இன்னைக்கு வரைக்கும் அதை அவர் வாயால சொன்னதில்ல. சொல்லவும் மாட்டார். பெட்டியைப் பிரிச்சுட்டேன். அந்தக் கவர் உங்க மேஜைக்கு வந்திருந்தா?

— அந்த மை டப்பாவை இப்படித் தள்ளு.

— கேக்கறேன்ல? வந்திருந்தா?

— அடிச்சிருப்பேன். யார் கையெழுத்துன்னுகூடப் பார்த்திருக்க மாட்டேன். போதுமா? முடியலம்மா எனக்கு. ராத்திரி கண்ணை மூடினாலும் கவர் கவரா வருது. இந்தப் பேச்சை விடு. நல்ல சேதி ஒண்ணு வெச்சிருக்கேன். உன் நிரந்தர ஆர்டர் வந்தாச்சு. ஃபேனுக்குக் கீழ நாற்காலி! உங்க வீட்டுல நாற்காலியில உக்காந்து சம்பளம் வாங்கப் போற முதல் ஆள் நீதான். உங்கம்மா இந்நேரம் தெரு பூரா சொல்லி முடிச்சிருப்பா.

— எந்த நாற்காலின்னு சொல்லுங்க.

— இதோ, இதேதான். நான் ஓய்வு எழுதிக் குடுத்துட்டேன். சீல் கட்டை வேணும்னியே, இந்தா பிடி. இனி உன்னோடது.

— வேணாம் மாமா. அங்கேயே வைங்க.

— இப்பதானே பிடுங்காத குறையா கேட்டே? ஏய்... மூட்டையை எதுக்குத் தூக்கறே? வந்து ஆர்டர்ல கையெழுத்தைப் போடு.

— அந்த ஆர்டர் செல்லாது. காலையிலயே சேதி தெரிஞ்சு, பெரிய ஆபீஸ்ல மாத்தி எழுதி வாங்கிட்டேன்.

— மாத்தியா? எங்கே?

— சந்துப் பக்கம். இனி அங்கே தபால்காரி நான்தான். மூட்டை பட்டுவாடாவுக்குப் போயிடுச்சுன்னு எழுதிக்கோங்க, நாளைக்கு வந்து பார்க்கட்டும்.

— அடிப்பாவி! வெயில்ல பையைத் தூக்கிட்டு அலையறதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்? உங்கம்மா மூஞ்சியைப் பார்த்து இதை நான் எப்படிச் சொல்லுவேன்?

— அப்ப எழுதிக் குடுங்க மாமா. எங்க வீடும் அந்தச் சந்துலதானே, நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்.