நிழலுக்கு வைத்த மரம்

தேநீர் ஆறிவிடும், ஐயா, குடித்துக்கொண்டே கேளுங்கள். விழுந்த மதிலைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள்? ஒளிக்க ஒன்றுமில்லை. மரம் நான் வைத்ததுதான்.

பக்கத்து வீட்டில் என் நாத்தனார் தனியாக இருந்தாள். தங்கமான மனசு. அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் என் சமையலறை முழுவதும் தெரியும். நான் அடுப்பை அணைப்பதற்குள் மேலேயிருந்து குரல் வரும்: "என்ன அண்ணி, இன்னைக்கும் பால் பொங்கிடுச்சா?" கணவரிடம் சொன்னால், அக்கறையில் கேட்கிறாள் என்பார். ஒன்பது வருடம் அந்த அக்கறையைத் தாங்கினேன்.

பிறகுதான் நாற்றுப்பண்ணைக்குப் போனேன். அங்கே ஒரு மரம், கொத்துக் கொத்தாக ஊதாப் பூ, பார்க்க அவ்வளவு அழகு. பண்ணைக்காரர் நேர்மையான மனிதர். "மூணே வருஷத்துல மாடியைத் தாண்டிடும்மா. ஆனா வீட்டுப் பக்கம் வேணாம். வேர் தண்ணியைத் தேடிப் போய் சுவரைப் பொளந்துடும். கிளையும் சட்டுனு முறியும்" என்றார். நாத்தனாரின் தண்ணீர்த் தொட்டி மதிலை ஒட்டியே இருப்பது நினைவுக்கு வந்தது. இரண்டு கன்றாகவே கொடுக்கச் சொன்னேன்.

முதல் வருடமே ஜன்னல் பாதி மறைந்தது. அடுத்த வருடம் அவளுடைய காய்கறிப் பாத்தி கருகி, அந்த இடமெல்லாம் என் மரத்தின் பிள்ளைகள் முளைத்தன. சாக்கடைக் குழாய் அடைத்தது, தொட்டி விரிசல் விட்டது. ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொல்ல முதலில் ஓடியவள் நான்தான். வெட்டிவிடலாமா என்று ஒருநாள் கெஞ்சினாள். "உயிருள்ளதை எப்படிம்மா வெட்டறது?" என்றேன். எனக்கு இளகிய மனசு.

போன வாரக் காற்றில் மதில் சாய்ந்தது. ஒரு கிளை அவள் காலை முறித்துவிட்டது. கணவர் அவளை இங்கேயே கூட்டிவந்துவிட்டார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்; இப்போது அடுப்புக்கு மூன்றடி தூரத்தில் அவள் நாற்காலி.

ஆனாலும் நான் முகம் கோணவில்லை. பின்கட்டுத் தகரக் கூரை அறையை அவளுக்கே ஒழித்துக் கொடுத்தேன். மேலே பெரிய கிளை ஒன்று பாதி முறிந்து தொங்குகிறது. அதன் நிழலில் அறை குளுகுளுவென்று இருக்கும். கட்டிலை அதற்கு நேர் கீழே நானே இழுத்துப் போட்டேன், ஐயா. கூடப்பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.