தனித்து நின்ற புள்ளி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே படம் வரைவதில் ஆசை, ஐயா. நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் இந்தப் பதுளை அலுவலகத்தில் அந்த ஆசையே வேலையாகக் கிடைத்தது.

மண்சரிவை ஆராய்கிறவர்களின் அறிக்கைகளைக் கணினியில் போடுவேன். ஆளுக்கு ஒரு புள்ளி. ஒரே சொற்களை எழுதுகிறவர்களுக்கு இடையே ஒரு கோடு. யார் யாரோடு சேர்ந்தவர் என்று பார்த்தவுடன் தெரியும். படத்தில் இருப்பவர்கள் காட்டும் மலைக்குத்தான் அதிகாரிகள் போவார்கள்.

ஒரு புள்ளி மட்டும் எதோடும் ஒட்டாமல் ஓரத்தில் நின்றது. ஹாலிஎலவுக்கு மேலே தோட்டப் பாடசாலையில் படிப்பித்த தயாபரன் மாஸ்டருடையது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரின் வெடிப்பைப் பென்சிலால் கோடு போட்டு அளந்து, ஏழு மாதம் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். மலையிலிருந்து குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர் கலங்கி வருகிறது, கதவு சாத்த முடியவில்லை. ஆங்கில அறிக்கைகள் எதிலும் அந்தச் சொற்கள் இல்லை. இங்கே தமிழ் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான்.

அதைக் கவனித்த மறுநாளே கொழும்பிலிருந்து வருகிற மேலதிகாரிகளுக்குப் படத்தைக் காட்ட வேண்டும். என் தற்காலிக நியமனம் அந்த மாதத்தோடு முடிகிறது. மூன்றாவது தடவை. பயந்தேன், மறைக்கவில்லை. ஓரத்துப் புள்ளி என்னவென்று யாராவது கேட்டால் படமே பிழை என்றாகிவிடும். அந்தப் புள்ளியை அழித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். நியமனம் நிரந்தரமானது.

அடுத்த கிழமை அடைமழை. மத்தியானம் மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார்.

"ஸனூஸ் சேர், வெடிப்புல கையே உள்ள போகுது. சனத்த கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிரவா? ஆபீஸ்ல என்னா சொல்றாங்க?"

போனால் ஏன் போனார்கள் என்று கேள்வி வரும். மாஸ்டரின் அறிக்கை எங்கே என்று தேடுவார்கள்.

"உங்க பேரு படத்துல இருக்கு மாஸ்டர். நாளைக்கு ஆளுங்க வந்து பாப்பாங்க. அதுவரைக்கும் லயத்துலயே இருங்க."

"சரிங்க சேர். எல்லாருக்கும் சொல்லிர்றேன்."

சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். மறுநாள் காலை மலை இறங்கியது. ஒன்பது குடும்பம் மண்ணுக்குள். மாஸ்டரை மூன்றாம் நாள்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள்.

இப்போது எல்லோரும் அந்தத் தோட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆங்கில அறிக்கைகளிலும் பீலி, லயம் என்று அவருடைய சொற்கள். போன கிழமை படத்தைப் புதிதாக வரைந்தபோது அவர் புள்ளியைத் திரும்பவும் சேர்த்தேன். நூற்றுச் சொச்சம் கோடுகளோடு நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேறு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மாஸ்டரிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் பேர் படத்தில் இருக்கிறது.