குரல்களுக்கு ஒரு முடிவுத் தேதி

இருபத்தோரு வருட வேலையில் நான் ஒருநாள்கூடக் குடையை அலுவலகத்தில் மறந்து வைத்துவிட்டுப் போனதில்லை. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் என்னோடு பழகாதவர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வரைவு அறிக்கை என் மேசைக்கு வந்தது. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். நாலாம் பக்கத்தில் மட்டும் 'கிளவுட் கணக்கு நிர்வாகியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி உறுத்துகிறது. பல்கலைக்கழகக் கணினி மையத்தில் கிளவுட் கணக்குகளைத் திறப்பதும் பராமரிப்பதும் என் வேலை. கவனக்குறைவு என்று இதுவரை என்னை யாரும் சொன்னதில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கிளவுட் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. வெளியே எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிகளில் நமக்கும் கொஞ்சம் இடம். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இடம் கொடுத்தால் போதும், பரணில் போடுவது போல் போட்டு அடைப்பார்கள், எதையும் எறிய மனசு வராது. அதனால் நானே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். யார் கணக்குத் திறந்தாலும் உரிமையாளரின் மெயில் முகவரியையும் முடிவுத் தேதியையும் நிரப்பியாக வேண்டும். அந்தத் தேதி வந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தானாக அழிந்துவிடும். அதற்கு முப்பது நாள், பத்து நாள், ஒரு நாள் முன்பு உரிமையாளருக்கு எச்சரிக்கை மெயில் போகும்.

பேச்சு ஆய்வகத்துப் பேராசிரியைக்கும் நான்தான் கணக்குத் திறந்து கொடுத்தேன். அவருடைய வேலை உங்களுக்குத் தெரியும். தொண்டை அறுவை சிகிச்சையில் குரலை இழக்கப் போகிறவர்களை முன்கூட்டியே வரவழைத்து, ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை வாசிக்க வைத்துப் பதிவு செய்வார். அதிலிருந்து கணினி ஒரு குரலைக் கட்டி அந்தக் கணக்கில் வைக்கும். பிறகு அவர்கள் எதைத் தட்டினாலும், கையில் கொடுக்கும் ஒரு கருவி அதை அங்கிருந்து எடுத்து அவர்களுடைய சொந்தக் குரலிலேயே பேசும். அருமையான வேலை, குறையே சொல்ல மாட்டேன். முடிவுத் தேதிக் கட்டத்தைக் காட்டியபோது பேராசிரியை சிரித்தார்.

"குரலுக்கு என்ன சார் முடிவு தேதி? நீங்களே எதையாவது போட்டுடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

நிறையப் படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். ஒரு படிவத்தை நிரப்ப அலுத்துக்கொண்டு, மொத்தக் குடுமியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்து வருடம் தள்ளி ஒரு தேதியைப் போட்டேன். அப்போது என் மனதில் ஒன்றுமில்லை, சத்தியமாக.

இரண்டு வருடம் கழித்து என் மனைவி அந்த ஆய்வகத்துக்குப் போக வேண்டி வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள், ஆனால் வருத்தப்பட மாட்டார்கள். என் அலுவலகத்தில் நடந்த வேடிக்கையை என் தங்கை வீட்டில் நான் சொல்லத் தொடங்குவேன். "இருங்க, நீங்க சொன்னா சிரிப்பே வராது, நான் சொல்றேன்" என்பாள். சொல்வாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இருபது வருடம் சிரித்தேன். கோபமெல்லாம் கிடையாது. அவள் என்றால் எனக்கு உயிர்.

குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்று மருத்துவர் சொன்னபோது நான்தான் அழுதேன். அவள் அசரவில்லை. "உயிர் போனாக்கூட பரவால்ல டாக்டர், பேச்சுல்ல போகுதுங்கிறீங்க" என்று அவரையே சிரிக்க வைத்தாள். பதினோரு நாள், வீங்கிய தொண்டையோடு, பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போய் எல்லா வாக்கியங்களையும் வாசித்து முடித்தாள். கடைசி நாள் நானும் உடன் போனேன். பேராசிரியை சோதித்துப் பார்க்க ஏதோ தட்டினார். ஒலிபெருக்கியிலிருந்து என் மனைவி நலம் விசாரித்தாள். அறையில் எல்லோரும் கைதட்டினார்கள், அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குத் தொண்டை கட்டாது, மூச்சு வாங்காது என்று தோன்றியது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புண் ஆறட்டும், மூன்று மாதம் கழித்துக் கருவியைத் தருகிறோம் என்றார்கள். அந்த மூன்று மாதத்தில் நான் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். எனக்கும் பேச வருகிறது. தங்கை வீட்டில் ஒரு வேடிக்கையைத் தொடங்கி, நானே முடித்தேன். சிரித்தார்கள். மனைவி பலகையில் எதையோ எழுதித் தூக்கிக் காட்டினாள். "அவளும் அதையேதான் சொல்றா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, தேநீர் இடைவேளை முடிந்த கையோடு, பேச்சு ஆய்வகத்தின் கணக்கைத் திறந்தேன். முடிவுத் தேதியை அன்றிலிருந்து முப்பத்தோராம் நாளுக்கு மாற்றினேன். உரிமையாளரின் முகவரி இருந்த இடத்தில், நான் புதிதாகத் தொடங்கிய ஒரு முகவரியைப் போட்டேன். இன்னொரு ஊரில் இருந்த மாற்றுப் பிரதியையும் அழித்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவேடும் என் பொறுப்பில்தான் இருக்கிறது, அதையும் இதற்கேற்ப ஒழுங்கு செய்தேன். மூன்று எச்சரிக்கை மெயில்களும் சொன்னபடி வந்தன. மூன்றையும் திறந்து முழுக்க வாசித்தேன். கவனக்குறைவான ஆள் அதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.

அவளுடைய குரலை மட்டும் அழித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசிக்காமல் இல்லை. ஒன்று மட்டும் காணாமல் போனால் துருவித் துருவிக் கேட்பார்கள். அங்கிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு குரல்களும் சேர்ந்து போனால் விபத்து என்பார்கள். நீங்களும் அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள், தேதியைத் தொடக்கத்திலேயே தவறாகத் தட்டிவிட்டேன் என்று. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, மறுபடி வாசிக்கச் சொல்ல முடியாது. ஒரு லாரி ஓட்டுநர் தன் சின்ன மகளைக் கூப்பிடும் செல்லப் பெயரை மட்டும் நாற்பது விதமாகச் சொல்லிப் பதிந்திருந்தாராம். பேராசிரியை என் அறையில் உட்கார்ந்து, படிவத்தை ஒழுங்காக நிரப்பாதது தன் தப்புதான் என்று தேம்பினார். தண்ணீர் கொடுத்தேன். இனிமேலாவது நிரப்புவார்.

ஆகவே, குழுவினரே, கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, வேண்டுமென்றே செய்தார் என்று திருத்திக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

இதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன் என் மனைவிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவளிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. கேட்டு முடித்ததும் எழுந்து நின்றாள். வாய் வெகுநேரம் அசைந்தது. மேசையை இரண்டு கையாலும் தட்டினாள். பிறகு ஒரு தாளை இழுத்து வேகவேகமாக எழுதினாள். அந்த வேகத்தில் எழுத்து ஒன்றுமே புரியவில்லை, மடித்துப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டேன். அவளுக்கு என்மேல் வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால், அவள் சொல்லாமல் இருக்கிற ஆளா?